சிவிங்கிக்கு அது வேலை நேரம்!

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குள் ஒரு தடவையாவது நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடுகளிலிருந்து கடல் கடந்து போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. பெல்ஜியத்திலிருந்து ஆளுயர நிலைக்கண்ணாடி வந்தது. வந்த சாமான்களை வைக்க இடம் போதாமல்தான் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக வீட்டை நீட்டிக் கொண்டே போனார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்!

இப்போது பேரன் பேத்திகளின் காலம். அவர்கள் கொண்டு வருவதற்கு இடமே வேண்டாம். ஒரு யானைக் கூட்டம், நாலைந்து சிங்கம், கணக்கில்லாத வரிக்குதிரை எல்லாம் கைப்பைக்குள் இருக்கும் ஒரு செல்போனில் அடங்கி விடுகின்றன. சிங்கப்பூரும் மலேசியாவும் பார்த்து அலுத்த குடும்பங்கள் இப்போது கென்யாவுக்கும் டான்ஸானியாவுக்கும் 'சபாரி' கிளம்புகின்றன.

சபாரி என்றதும் நம்மில் பலருக்குத் தையற்கடைதான் ஞாபகம் வரும். 1970-களில் கல்யாண மாப்பிள்ளைகள் ஆசைப்பட்டுத் தைத்துக் கொண்ட அரைக்கைச் சட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே ஆப்பிரிக்காவிலிருந்துதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் சபாரி என்றால் பிரயாணம். அரபு மொழியிலிருந்து வந்த சொல். ஹிந்திப் பாட்டுகளில் அடிக்கடி வரும் 'சஃபர்' அதன் உடன்பிறப்பு. சுவாஹிலியில் நமக்குப் புரியாத சொற்களை விடப் புரியும் சொற்கள்தான் ஆச்சரியம். டீக்கு 'சாய்', காசுக்கு 'பெஸா', வண்டிக்கு 'காரி', கடைக்கு 'டுகா' (நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் 'துக்கான்' என்பார்களே, அதேதான்). சப்பாத்திக்குச் சப்பாத்தியேதான்! இந்தியர்கள் பல தலைமுறையாகப் போய்வந்த கரை அது.

செட்டிநாட்டுக்காரர் காமிராவும் கையுமாக ஆப்பிரிக்கா போவதும் புதிதல்ல. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர் ஏ. கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோக் கலை பயின்றவர். மகாத்மா காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி அவர் கண்டம் கண்டமாகச் சுற்றினார். அந்தப் பிரயாணத்தில் தென்னாப்பிரிக்காவும் சேர்த்தி. அப்படித் திரட்டியதை வைத்து அவர் உருவாக்கிய படம் 1940-ல் வெளிவந்தது. அவர் தேடிப் போனது மனிதர்களை. இப்போது போகிறவர்கள் தேடுவது மிருகங்களை. அவ்வளவுதான் வித்தியாசம்.

போய் வந்த ஓர் ஆச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். அறுபதைத் தாண்டியவர். மகன் நைரோபியில் உத்தியோகம் பார்க்கிறாராம். வளவின் தூணோரம் பாய் விரித்து, வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுத்தான் படம், தம்பி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பணியாரம் எத்தனை என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. படங்கள் ஆயிரத்துக்கு மேல். அவற்றில் பாதி சிங்கத்தின் வால். மீதியில் பாதி, முன்னே உட்கார்ந்திருந்த மருமகளின் தொப்பி. நடுநடுவே அப்படியே சட்டம் போட்டு முகப்பில் மாட்டலாம் போல அருமையான படங்கள்.

ஒரு படத்தில் ஆச்சியின் விரல் நின்றது. மஞ்சள் புல்வெளி. அதில் வட்டமாக ஜீப்புகள். நடுவில் பொட்டு மாதிரி ஏதோ தெரிகிறது.

"இது என்ன ஆச்சி, வண்டிச் சந்தையா?"

"சிவிங்கி தம்பி, சிவிங்கி. மூணு குட்டியோட உட்கார்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பது வண்டி. கல்யாண வீட்டு வாசல் மாதிரி. அதுக்குத் தூரத்தில மேயற மானைப் பார்க்கணும். எங்க வண்டியெல்லாம் குறுக்கே நிக்குது. எட்டி எட்டிப் பார்த்தது. அப்புறம் எழுந்து போயிட்டது. குட்டிங்களும் பின்னாலேயே போச்சு. டிரைவர் என்னடான்னா, 'இன்னும் கிட்டப் போகட்டுமா அம்மா'ங்கிறார்!"

செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஆச்சி கேட்டார்:

"அன்னிக்கு அது சாப்பிட்டிருக்குமா, தம்பி?"

ஆச்சியின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், சிவிங்கி என்பது யார் என்று சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நம்மில் பலர் சிறுத்தையையும் சிவிங்கியையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறோம். பத்திரிகைக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. சிறுத்தை கட்டுமஸ்தான ஆசாமி. அதன் உடம்பில் இருப்பவை பூப்பூவாய், வளையம் வளையமாய்த் தெரியும் புள்ளிகள். மரம் ஏறும், பெரும்பாலும் ராத்திரி உத்தியோகம். சிவிங்கி ஒல்லி; இடை சிறுத்து, கால் நீண்டு, பந்தயக் குதிரை போல் இருக்கும். அதன் புள்ளிகள் மையால் பொட்டு வைத்தது போல நிரம்பிய புள்ளிகள். இரண்டு கண்ணிலிருந்தும் வாய் வரை, அழுத பிள்ளையின் கண் மை வழிந்தது மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும், பிறகு வாழ்நாளில் மாறிப் போகாது. கர்ஜிக்கத் தெரியாது. குட்டியைக் கூப்பிடும்போது குருவி மாதிரி கீச்சிடும்!

நம் தேசத்திலும் சிவிங்கிகள் இருந்தன. ராஜாக்கள் அவற்றைப் பழக்கி மான் வேட்டைக்குக் கூட்டிப் போனார்கள். கடைசியில் 1952-ல், இந்தியாவில் இனிச் சிவிங்கி இல்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளை விமானத்தில் கொண்டு வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டது அந்த இழப்பை ஈடு செய்யும் முயற்சிதான். தமிழுக்கு மட்டும் அந்த மிருகம் மறந்து போகவே இல்லை. ஒட்டகச்சிவிங்கி என்று நாம் சொல்லும் பெயரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். ஒட்டகம் போல உயரம், சிவிங்கி போலப் புள்ளி. பழைய கிரேக்கர்களும் இதே மாதிரி ஒட்டகத்தையும் சிறுத்தையையும் சேர்த்துத்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சரி, ஆச்சியின் கேள்விக்கு வருவோம்.

சிவிங்கி பகலில் வேட்டையாடும் மிருகம். ராத்திரியில் சிங்கமும் கழுதைப்புலியும் நடமாடும். அவை வந்து அதட்டினால் பிடித்த இரையை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். அதனால் வலியவர்கள் தூங்கும் நேரத்தில் இது பிழைப்பைப் பார்க்கிறது. காலை வெயில் ஏறும் நேரம், மாலை வெயில் இறங்கும் நேரம். கவனித்தீர்களா? சபாரி வண்டிகள் கிளம்பும் நேரமும் அதேதான்! நமக்கு நல்ல வெளிச்சம். அதற்கு வேலை நேரம். பதுங்கிப் பதுங்கி அருகில் போய், ஒரே மூச்சில் சில நூறு மீட்டர் ஓடிப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு வண்டி புறப்பட்டால், ஒரு கதவு சாத்தினால், ஒருவர் "அதோ, அதோ!" என்று கத்தினால், மான் நிமிர்ந்து பார்த்துவிடும். அன்றைய அடுப்பு எரியாது.

கென்யாவின் மசாய் மாராவில் இதை நாலைந்து வருஷம் உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். 2018-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சி சொல்வது இது: சுற்றுலா வண்டிகள் குறைவாகப் போகும் பகுதியில் ஒரு தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை ஆளாக்கி விடுகிறது. வண்டிகள் அதிகமாக மொய்க்கும் பகுதியில் சராசரி 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி தேறினால் பெரிது. யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. யாரும் வலை விரிக்கவில்லை. எல்லோரும் அதை ஆசையாகப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

ஆச்சியிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம வீட்டையே பார்க்கலாமே தம்பி" என்றார். "வெளியூர்க்காரங்க படம் எடுக்க வர்றாங்க. வரட்டும், வேண்டாங்கலை. ஐயா கட்டின வீடு, நாலு பேர் பார்த்தா சந்தோஷந்தான். போன வருஷம் வீட்டிலே ஒரு படைப்பு. நாங்க இலை போட்டுக்கிட்டிருக்கோம், ஒருத்தர் இரண்டாங்கட்டு வரைக்கும் வந்துட்டார். அடுப்புப் பக்கத்தில நிக்கிற பிள்ளையைப் பார்த்து, 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு'ங்கிறார்!"

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசலில் எந்த நாளும் யாராவது போனைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு நிற்கிறார்கள். ஜன்னல்களை எண்ணுகிறார்கள், ஜன்னலுக்கு உள்ளே ஒரு குடும்பம் உலை வைத்திருக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் குறைவு. மாராவின் புல்வெளி அந்தச் சிவிங்கிக்கு இரண்டாங்கட்டு.

ஆகையால் ஆப்பிரிக்கா போகவே கூடாது என்கிறேனா? இல்லவே இல்லை. அவசியம் போக வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். போகிறவர்கள் கொடுக்கும் பணத்தால்தான் அந்தக் காடுகள் வயலாகவும் வேலியாகவும் மாறாமல் நிற்கின்றன. உலகத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சிகள் அவை. செரெங்கெட்டியும் மாராவும் ஒரே புல்வெளிதான். நடுவே டான்ஸானியா, கென்யா என்று மனிதர்கள் போட்ட கோடு. அந்தக் கோட்டை மதிக்காமல் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மிருகங்கள் மழையைத் துரத்திக் கொண்டு சுற்றுகின்றன. வில்டபீஸ்டுக்குத் தமிழில் பெயர் இல்லை. மாட்டின் கொம்பு, குதிரையின் வால், ஆட்டின் தாடி என்று மிச்சம் மீதியை வைத்துப் பிரம்மா செய்த மிருகம் போல் இருக்கும். ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் அவை மாரா நதியைத் தாண்டும். கரையில் ஆயிரக்கணக்கில் வந்து நின்று, 'நீ போ, நீ போ' என்று ஒன்றையொன்று பார்த்துக் கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் நிற்கும். ஏதோ ஒன்று குதித்ததோ இல்லையோ, அத்தனையும் குதிக்கும். தண்ணீரில் முதலைகள் காத்திருக்கும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் ரொம்ப நாளைக்கு வேறு எதைப் பற்றியும் பேச மாட்டார்கள்.

ஆனால் பெண்களுக்கு நான் சிபாரிசு செய்வது அம்போசெலி யானைகளை. கிளிமஞ்சாரோ மலை டான்ஸானியாவில் இருக்கிறது. 5,895 மீட்டர் உயரம், தலையில் பனி. அது அழகாகத் தெரிவதோ எல்லைக்கு இந்தப் பக்கம் கென்யாவின் அம்போசெலியிலிருந்து. அதிகாலையில் மேகம் மூடுவதற்கு முன், மலை பின்னால் நிற்க, யானைகள் வரிசையாகச் சதுப்பு நிலத்துக்கு நடந்து போகும். சிந்தியா மாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1972-ல் அங்கே போய், ஒவ்வொரு யானைக்கும் பெயர் வைத்து, காதின் கிழிசலையும் தந்தத்தின் வளைவையும் குறித்து வைத்துக் கொண்டு, பிறப்பு இறப்பு சம்பந்தம் எல்லாவற்றையும் பதிவு செய்யத் தொடங்கினார். நம் ஊரில் கோயில் வாரியாகப் புள்ளிக் கணக்கு வைத்திருப்பார்களே, அது மாதிரி.

அந்தக் கணக்கிலிருந்து தெரிந்த முதல் சங்கதி, யானைக் குடும்பம் பெண்களின் குடும்பம் என்பது. ஆண் பிள்ளைகள் பதினாலு வயது சுமாருக்கு வீட்டை விட்டுப் போய்விடுவார்கள். பாட்டி, அம்மா, சின்னம்மா, பேத்தி எல்லோரும் சேர்ந்தே இருப்பார்கள். தண்ணீருக்கு எப்போது போவது, எந்த வழியாகப் போவது, யாரைக் கண்டால் ஒதுங்குவது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் வயதில் மூத்த ஆச்சி. அலங்காரத்துக்காக வைத்த தலைமை அல்ல அது. டான்ஸானியாவின் தரங்கிரி காட்டில் 1993-ல் கடும் பஞ்சம் வந்தது. மூன்று யானைக் கூட்டங்களில் 81 குட்டிகள் இருந்தன. ஒன்பது மாதத்தில் 16 குட்டிகள் செத்துப் போயின. வயது முதிர்ந்த தலைவிகள் இருந்த இரண்டு கூட்டங்கள், காட்டை விட்டே வெளியேறி வேறு இடத்தில் தண்ணீர் தேடிக் கொண்டன. இளைய தலைவி நடத்திய கூட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதிகமாகக் குட்டிகளைப் பறிகொடுத்ததும் அதுதான். முப்பது வருஷத்துக்கு முன் வந்த ஒரு பஞ்சத்தை மூத்தவர்கள் சின்ன வயதில் பார்த்திருந்தார்கள் என்பதே காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். மாமியார் சொல் கேட்பதில் லாபம் உண்டு என்று இதை வைத்து யாரும் வாதாட வேண்டாம், நான் பொறுப்பல்ல!

இன்னொரு சங்கதியும் சுவாரஸ்யமானது. அம்போசெலியில் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டிப் பார்த்தார்கள். மசாய் ஆண்கள் பேசும் குரல் கேட்டால் யானைகள் ஒன்று கூடி, காற்றை மோந்து பார்த்து, நகர்ந்து விடுகின்றன. ஏனென்றால் ஆடுமாடு மேய்க்கும் மசாய் இளைஞர்கள் ஈட்டி வைத்திருப்பார்கள். அதே மசாய்ப் பெண்களின் குரலையும் சிறு பையன்களின் குரலையும் போட்டால் அவ்வளவாக அலட்டிக் கொள்வதில்லை. வேற்றுச் சாதி ஆண்களான கம்பா மக்களின் குரலுக்கும் அவ்வளவு பயம் இல்லை. பாஷையும் தெரிகிறது, ஆணா பெண்ணா என்றும் தெரிகிறது! இப்படிப்பட்டவர்கள் நம் வண்டியையும் அளந்து பார்த்துக் கொண்டுதான் இருப்பார்கள். காதை விரித்து நேரே பார்த்தாலோ, தலையை உதறினாலோ, 'வந்தது போதும்' என்று அர்த்தம். நல்ல டிரைவர் அதற்கு முன்பே எஞ்சினை அணைத்து நின்றிருப்பார்.

சபாரி விளம்பரங்களில் 'பெரிய ஐந்து' என்று ஒரு பட்டியல் வரும். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. இந்த ஐந்தையும் பார்த்துவிட்டால் பிரயாணம் பூர்த்தி என்று நினைத்து விடாதீர்கள். அது பார்க்கிறவர்கள் போட்ட பட்டியல் அல்ல, வேட்டைக்காரர்கள் போட்டது. கால்நடையாகப் போய்ச் சுடுவதற்குக் கஷ்டமான ஐந்து. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் மகனோடு ஆப்பிரிக்கா போய், இருவருமாகச் சுட்ட மிருகங்கள் 512. அப்போது அதற்குப் பெயர் சபாரி. கென்யாவில் 1977-ல் வேட்டையைத் தடை செய்தார்கள். துப்பாக்கி போய்க் காமிரா வந்தது. நல்லதுதான். ஆனால் துப்பாக்கிக்காரனின் பட்டியலோடு, அவனுடைய அவசரமும் காமிராக்காரர்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

காமிராவை எப்படிப் பிடிப்பது என்பதற்கு நமக்கு அயல்நாட்டு குரு தேவையில்லை. மா. கிருஷ்ணன் இருந்தார். 1912-ல் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்த பத்தியை 1996-ல் காலமாகும் வரை எழுதினார். தமிழிலும் எழுதினார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல் கூட எழுதியிருக்கிறார் என்றால் செட்டிநாட்டு வாசகர்கள் புன்னகை செய்வார்கள்! அவருடைய காமிரா கடையில் வாங்கிய மாதிரி இருக்காது. ஒரு கம்பெனியின் பெட்டி, வேறு கம்பெனியின் லென்ஸ், அவரே பூட்டிய உபகரணங்கள். எடுத்தது கறுப்பு வெள்ளையில். முதுமலையிலும் மற்றக் காடுகளிலும் நடந்து போயும், பழக்கிய யானையின் முதுகில் ஏறிப் போயும் காட்டு யானைகளை எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். யானை தன் பாட்டுக்குத் தின்று கொண்டிருக்கிறது, மண்ணை வாரிப் போட்டுக் கொண்டிருக்கிறது, குட்டியை அதட்டிக் கொண்டிருக்கிறது. தன்னைப் படம் எடுப்பதற்காக எதையும் அது நிறுத்தவில்லை.

இந்த மரியாதையைக் கற்றுக் கொள்ள நைரோபிக்கு டிக்கெட் வாங்குவதற்கு முன் திருப்பத்தூர் வரை ஒரு பஸ் டிக்கெட் வாங்கினால் போதும். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். அங்குள்ள கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்து 1977-ல் பறவைகள் சரணாலயமாயின. மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரை, கொக்கு, சாம்பல் நாரை, கரண்டிவாயன் எல்லாம் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும். தீபாவளியும் அதே காலத்தில்தானே வருகிறது? கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. குஞ்சு பொரிக்கும் பறவை மிரண்டு போகக் கூடாது என்று. பிள்ளைகளுக்குச் சமாதானமாக வனத்துறையார் வருஷா வருஷம் இனிப்புக் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். நினைத்துப் பாருங்கள், தீபாவளியன்று பட்டாசு வேண்டாம் என்று ஒரு பத்து வயதுப் பையனிடம் சொல்லி, அவனும் சரி என்கிறான்! முப்பது வண்டிக்காரர்களால் எஞ்சினை அணைக்க முடியவில்லை.

மாராவில் சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் டிரைவர்கள் கையில் ரேடியோ இருக்கிறது. ஒருவர் சிவிங்கியைக் கண்டால் அடுத்த பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கிட்டத்தில் கொண்டு போய் நிறுத்தினால் கை நிறைய இனாம். தூரத்தில் நிறுத்தினால் முகச்சுளிப்பு. பெண்டாட்டி பிள்ளைகளோடு பிழைக்க வேண்டியவர் என்ன செய்வார்? ஏற்பாடு செய்யும் போதே உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மாரா சரணாலயத்தை ஒட்டி மசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடத்தும் 'கன்சர்வன்சி'கள் இருக்கின்றன. அங்கே வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. குத்தகைப் பணம் அந்தக் குடும்பங்களுக்குப் போகிறது. செலவு கூடும். நாலு நாள் நெரிசலில் பார்ப்பதற்குப் பதில் இரண்டு நாள் அங்கே பார்க்கலாம் என்பது என் யோசனை.

இனி மூட்டை கட்டும் விஷயம். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, சான்றிதழை பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக் கொள்ளுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனியே வைத்து விடலாம். மலேரியாவுக்கு டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சேலை மட்டும் எடுத்துப் போய் நடுங்காதீர்கள். நைரோபி கிட்டத்தட்ட நம் குன்னூர் உயரத்தில் இருக்கிறது. திறந்த வண்டியில் காலை ஆறரை மணிக்குப் போனால் சால்வையும் ஸ்வெட்டரும் வேண்டும். கண்ணைப் பறிக்கும் வெள்ளை உடை வேண்டாம். புழுதியில் ஒரே நாளில் காவியாகிவிடும்.

காமிராவுக்கு முக்காலி சுமக்க வேண்டாம். வண்டிக்குள் அது விரியாது. அதற்குப் பதில் ஒரு காலி மஞ்சப்பை எடுத்துப் போங்கள். கேலி இல்லை! அங்கே போய் இரண்டு கிலோ அரிசியோ பயறோ வாங்கி அதில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸை வைத்தால் அசையவே அசையாது. பெரிய பெரிய போட்டோக்காரர்கள் இதே உபாயத்தைத்தான் கையாளுகிறார்கள். திரும்பும்போது அரிசியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாம். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மஞ்சப்பைக்கு நல்ல மரியாதை. செல்போன் வைத்திருப்பவர்கள் சிங்கத்தின் மீசையை எடுக்க முயல வேண்டாம். சிங்கம் சின்னதாகவும் புல்வெளி பெரிதாகவும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகு மனசில் நிற்பது அந்தப் படம்தான். வண்டியில் எழுந்து நின்று கை நீட்டாதீர்கள். உட்கார்ந்திருக்கும் வரை வண்டியும் நீங்களும் மிருகத்துக்கு ஒரே உருவம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. முதல் நாள் காலை, வண்டி கிளம்புவதற்கு முன்பே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்: "கிட்டப் போக வேண்டியதில்லை. கூட்டம் இருந்தால் வேறு பக்கம் போகலாம். உங்கள் இனாமுக்கு இதனால் குறைவில்லை." ஆங்கிலம் தாராளமாகப் புரியும். சுவாஹிலியில் சொல்லிப் பார்க்க ஆசை இருந்தால், "ஹபா இனதோஷா" என்றால் 'இங்கேயே போதும்' என்று அர்த்தம். ஒரு தடவை திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் எஞ்சினை அணைத்துவிடுவார்.